மரத்தரை போடப் போறீங்களா? கொஞ்சம் நில்லுங்க!

கல்யாணம் பண்ணிப் பார், வீட்டைக் கட்டிப் பார்னு சொன்ன பெரியவங்க மூணாவதா ஒண்ணைச் சொல்லாம விட்டுட்டாங்க. குடியிருக்கிற வீட்டுல தரையை மாத்திப் பார்! கட்டில், பீரோ, அரிசி டின், புத்தக மூட்டை எல்லாத்தையும் ஹாலுக்கு இழுத்துப் போட்டு, நாலு ஜீவன்கள் ஒரே ரூம்ல முடங்கி, தூசியில தும்மி... ஒரு வழியா அதெல்லாம் தாண்டி வந்தாச்சு. ஆனா அதுக்கு முன்னாடி ஏழெட்டு மாசம் கடை கடையா ஏறி இறங்கினதும், ஆபீஸ்ல மேனேஜர் கண்ணுல படாம மரத்தைப் பத்திப் படிச்சதும் வீணாப் போகக் கூடாதில்லையா? அதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். காபி எடுத்துக்கிட்டு வந்து உட்காருங்க.

முதல்ல முன்கதைச் சுருக்கம். நாங்க இருக்கிறது குர்கான்ல. (2016ல குருகிராம்னு பேர் மாத்திட்டாங்க. ஆட்டோக்காரர்ல இருந்து ஆபீஸ் வரைக்கும் இன்னும் குர்கான்தான்.) அஞ்சாவது மாடி, 1150 சதுர அடி, வீடு முழுக்க வெள்ளை மார்பிள். ஊர்ல மார்பிள் போட்ட வீடுன்னா ஒரு தனி மரியாதை உண்டு. மே மாசம் வெளியே 44 டிகிரி கொளுத்தும்போது அந்த மார்பிள்ல வெறும் முதுகோட படுத்தா சொர்க்கம். ஆனா டிசம்பர் கடைசியில இருந்து ஜனவரி முடியற வரைக்கும் அதே தரை எதிரி. சென்னையில இருக்கிற நண்பர்களுக்கு இது புரியாது. டெல்லி சஃப்தர்ஜங்ல 2021 ஜனவரி 1ஆம் தேதி காலையில 1.1 டிகிரி. இங்கே வீடுகளைக் கட்டுறது வெயிலுக்காக. குளிர் வந்தா வீட்டுக்குள்ளேயும் குளிர்தான்.

நாங்க அதைப் பெரிசா எடுத்துக்கிட்டதில்லை. சாக்ஸ், செருப்பு, ஹீட்டர்னு ஓட்டிடுவோம். அப்பா 2022ல போனதுக்கு அப்புறம், மன்னார்குடிப் பக்கத்துல இருந்த வீட்டைப் பூட்டிட்டு 2023ல அம்மா எங்களோட வந்தாங்க. வயசு 71. ரெண்டு முட்டியிலயும் தேய்மானம். வீட்டுக்குள்ள செருப்பு போடறதுங்கறது அவங்களுக்கு யோசிக்கவே முடியாத விஷயம். "சாமி படம் இருக்கிற வீட்டுல செருப்பா?" அவ்வளவுதான், வாதம் முடிஞ்சது. சரின்னு ரெண்டு ஜோடி கம்பளி சாக்ஸ் வாங்கிக் கொடுத்தோம். பாலிஷ் போட்ட மார்பிள்ல கம்பளி சாக்ஸ் என்ன செய்யும்னு உங்களுக்கே தெரியும். பாத்ரூம் வாசல்ல வழுக்கி, நல்ல வேளையா கதவைப் பிடிச்சுக்கிட்டாங்க. மணிக்கட்டு சுளுக்கோட போச்சு. அதுக்கப்புறம் சாக்ஸையும் கழட்டிட்டு, பாதி நாள் கட்டில் மேலேயே காலைத் தூக்கி வச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தாங்க. ஊர்ல நாள் முழுக்க ஓடிக்கிட்டே இருந்த மனுஷி.

பொங்கல் முடிஞ்ச வாரத்துல ஒரு நாள் சொன்னாங்க: "எனக்கு இங்க ஒரு குறையும் இல்லப்பா. தரைதான் காலைத் தொட விடமாட்டேங்குது. நான் ஊருக்கே போயிடறேன்."

ஊர்ல தனியா. எழுபத்தோரு வயசுல. சரி, தரையைத்தான் மாத்தணும்னு முடிவு பண்ணோம்.

கல்லு ஏன் ஜில்லுங்குது?

இதுல ஒரு வேடிக்கை. ரூம்ல 14 டிகிரின்னா கல்தரையும் 14தான், மரக்கட்டிலும் 14தான். தெர்மாமீட்டர் வச்சுப் பார்த்தா வித்தியாசமே இருக்காது. ஆனா காலை வச்சா கல்லு சுரீர்னு இழுக்கும், மரம் சும்மா இருக்கும். காரணம், நம்ம காலோட சூட்டைக் கல்லு வேகமா உறிஞ்சுக்கும். வெப்பத்தைக் கடத்தறதுல மார்பிள் மரத்தைவிடப் பத்து மடங்குக்கும் மேல. மரத்துக்குள்ள எல்லாம் காத்து அடைச்ச குட்டிக் குட்டிக் குழாய்கள்தானே. சூடு போக வழி தெரியாம அங்கேயே நிக்கும்.

யோசிச்சுப் பார்த்தா நம்ம ஊர் வீடுகள்ல தூண் மரம், உத்தரம் மரம், நிலை மரம், ஊஞ்சல் மரம். ஆனா கீழ்த்தரை மட்டும் சிமெண்ட், சிவப்பு ஆக்ஸைடு, மொசைக், இல்லைன்னா ஆத்தங்குடிக் கல். நமக்குத் தரைங்கறது காலைக் குளிர வைக்க. அதுவும் போக தினம் தண்ணி ஊத்திக் கழுவணும், கரையான் வரக் கூடாது. ஹிமாச்சல் மலைக் கிராமங்கள்ல பாருங்க, கல்லையும் தேவதாரு மரத்தையும் அடுக்கடுக்கா வச்சுக் கட்டின பழைய வீடுகள்ல நடக்கிற தரை மரப்பலகை. ரெண்டு பேரும் அவங்கவங்க ஊருக்குச் சரியாத்தான் செஞ்சிருக்காங்க. குர்கானுக்குத்தான் ஆறு மாசம் மன்னார்குடியும் ரெண்டு மாசம் சிம்லாவும் வேண்டியிருக்கு!

கம்பளம் விரிச்சா போதாதான்னு கேப்பீங்க. கேட்டோம். டெல்லித் தூசிக்கும் அம்மாவோட வீசிங்குக்கும் கம்பளம் ஒத்து வராதுன்னு டாக்டர் சொல்லிட்டார். ஆக, மரம்.

நாலு சரக்குக்கு ஒரே பேர்

எம்.ஜி. ரோட்டுல கிட்டோர்னி பக்கம் வரிசையாக் கடைகள், அப்புறம் டெல்லி கீர்த்தி நகர் மர மார்க்கெட். எந்தக் கடைக்குள்ள நுழைஞ்சாலும் "வுடன் ஃப்ளோரிங்" காட்டுங்கன்னு சொன்னா, சதுர அடி 90 ரூபாய்ல இருந்து 900 ரூபாய் வரைக்கும் பலகையை எடுத்து அடுக்குவாங்க. மேல இருந்து பார்த்தா எல்லாம் ஒரே மாதிரி. ஒரு கடைக்காரர், "எல்லாமே ஒரிஜினல் மரம்தான் சார்ஜி"ன்னு சத்தியமே பண்ணார். தங்கமணி ஒரு பலகையைப் புரட்டிப் பக்கவாட்டுல பார்த்துட்டு, "பிஸ்கட் மாதிரி இருக்கே, இதுல மரம் எங்க?"ன்னு கேட்டாங்க. மனுஷர் உடனே டீ ஆர்டர் பண்ணிட்டார் :-)

முழு ரகசியமும் அந்தப் பக்கவாட்டுலதான். சந்தையில இருக்கிறது நாலு சரக்கு.

முதலாவது, முழுத் திட மரம். மேல இருந்து கீழ வரை ஒரே பலகை.

ரெண்டாவது, இஞ்சினியர்டு வுட். மேல சில மி.மீ. நிஜ மரம், அடியில ப்ளைவுட் மாதிரி குறுக்கும் நெடுக்குமா ஒட்டின அடுக்குகள். பக்கவாட்டுல பார்த்தா கோடு கோடா அடுக்கு தெரியும். மேல் ரேகை விளிம்பு வழியா இறங்கறதும் தெரியும்.

மூணாவது, லேமினேட். மரத்தூளை அழுத்திச் செஞ்ச அட்டை (எச்.டி.எஃப்.), அதுக்கு மேல மரத்தோட ஃபோட்டோ அச்சடிச்ச காகிதம், அதுக்கு மேல கெட்டியான மெலமின் பூச்சு. 1977ல ஸ்வீடன்ல பெர்ஸ்டார்ப் கம்பெனிக்காரங்க கண்டுபிடிச்சது. நாலு பெட்டியைப் பிரிச்சு அடுக்கிப் பாருங்க, அதே முடிச்சு அதே இடத்துல திரும்பத் திரும்ப வரும்.

நாலாவது, எஸ்.பி.சி. சுண்ணாம்புக் கல் தூளும் பி.வி.சி. பிளாஸ்டிக்கும் கலந்தது. மரம் துளிகூடக் கிடையாது, தண்ணிக்குக் கவலையும் கிடையாது.

இதுல எதுவும் மட்டமில்லை. லேமினேட்டோட மேல்பூச்சு நிஜ மரத்தைவிடக் கீறலை நல்லாத் தாங்கும். ஏசி3, ஏசி4னு தேய்மானத் தரம் போட்டிருப்பாங்க (இது குளிரூட்டுற ஏசி இல்லைங்க). எண் கூடக் கூட அதிகம் தாங்கும். ஆனா தண்ணி மூட்டு வழியா உள்ளே போயிடுச்சுன்னா அந்த அட்டை அடை மாதிரி உப்பிடும், அப்புறம் பழைய நிலைக்குத் திரும்பாது. எங்க மாடியிலயே ஒரு வீட்டுல ஏசி வடிகால் குழாய் அடைச்சு ஒரு ராத்திரி தண்ணி சொட்டினதுல, ஆறு பலகை ஓரம் தூக்கிக்கிட்டு நின்னதை நேர்லயே பார்த்தோம். எஸ்.பி.சி. தண்ணிக்குப் பயப்படாது. ஆனா கையை வச்சா மரத்தோட கதகதப்பு வரலை. மெல்லிசா வேற இருந்தது. நாங்க தேடிப் போனதே அந்தக் கதகதப்புக்காகத்தானே.

திட மரம் ஏன் வேணாம்?

அம்மா கேட்ட முதல் கேள்வி இதுதான். "போடறதுதான் போடற, முழுத் தேக்கா போட்டுட வேண்டியதுதானே? எதுக்கு மேல மட்டும் பூசின மாதிரி?"

நியாயமான கேள்வி. முதல் பதில் பணம். இந்தியாவுல தேக்கு ஒண்ணும் சும்மா கிடைக்கிற சரக்கில்லை. கூடலூர்க் காடுகள்ல மரம் வெட்டப்படறதை எதிர்த்து நிலம்பூர் கோவிலகத்தைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு போட்ட வழக்குல, 1996 டிசம்பர் 12ஆம் தேதி உச்ச நீதிமன்றம் கொடுத்த உத்தரவு நாடு முழுக்கக் காட்டு மரம் வெட்டறதைக் கட்டிப் போட்டுடுச்சு. நம்ம நீலகிரியில ஆரம்பிச்ச வழக்கு! பர்மாக்காரங்களும் 2014 ஏப்ரல்ல இருந்து முழு மரமா ஏத்துமதி செய்யறதை நிறுத்திட்டாங்க. நல்லா வைரம் பாய்ஞ்ச தேக்குல ரெண்டு ரூமுக்குத் தரை போடற காசுக்கு ஒரு கார் வாங்கிடலாம்னு கீர்த்தி நகர்ல ஒருத்தர் சிரிச்சுக்கிட்டே சொன்னார்.

ரெண்டாவது பதில்தான் முக்கியம். மழைக்காலத்துல நம்ம வீட்டுக் கதவு இறுகிப் போய், தோளால முட்டித் திறக்கிறோமே, ஞாபகம் இருக்கா? மரம் செத்த பிறகும் காத்துல இருக்கிற ஈரத்தைக் குடிக்கும், காஞ்சா விடும். சுத்துப்புறக் காத்துல ஈரப்பதம் 30 சதவீதமா இருந்தா மரத்துக்குள்ள சுமார் 6 சதவீத ஈரம் நிக்கும். அதே காத்து 80 சதவீதமானா மரத்துல சுமார் 16 சதவீதம். குர்கான்ல மே மாசம் லூ காத்து உதட்டை வெடிக்க வைக்கும், ஆகஸ்ட்ல துணி காயாது. ஒரே வருஷத்துல அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் மரம் போயிட்டு வரணும்.

ஈரத்தைக் குடிச்சா மரம் நீளவாக்குல கிட்டத்தட்ட நீளவே நீளாது. எல்லாம் அகலவாக்குலதான். இதை வச்சுத்தான் அந்த அடுக்குப் பலகையை யோசிச்சிருக்காங்க. ஒரு அடுக்கை நெடுக்குல வச்சு, அடுத்ததைக் குறுக்குல வச்சு ஒட்டிட்டா, ஒண்ணு விரியப் பார்க்கும்போது இன்னொண்ணு இழுத்துப் பிடிச்சுக்கும். ஸ்வீடன்ல குஸ்தாஃப் கேர்ங்கறவர் 1941லயே இந்த மாதிரிப் பல அடுக்குத் தரைப் பலகைக்குக் காப்புரிமை வாங்கிட்டார். அம்மாகிட்ட இதை விளக்கினப்போ, "கூட்டுக் குடும்பம்னு சொல்லு"ன்னு ஒரே வார்த்தையில முடிச்சிட்டாங்க. இஞ்சினியர்டுன்னா கலப்படம்னு நினைக்கிறவங்களுக்கு இனிமே நானும் இதைத்தான் சொல்லப் போறேன்.

மேல் தோல் எத்தனை மி.மீ.?

கடையில எல்லாரும் "14 மி.மீ. சார், 15 மி.மீ. சார்"னு மொத்தத் தடிமனைத்தான் சொல்லுவாங்க. நீங்க கேட்க வேண்டியது மேல இருக்கிற நிஜ மரம் எத்தனை மி.மீ. அது 0.6ல இருந்து 6 வரைக்கும் வருது. 0.6 மி.மீ.ன்னா தடிமனான விசிட்டிங் கார்டு மாதிரி. ஆழமாக் கீறல் விழுந்தா அடி ப்ளைவுட் பல்லைக் காட்டும், இழைச்சுச் சரி பண்ண வழியே இல்லை. 3 மி.மீ. இருந்தா பத்துப் பதினஞ்சு வருஷம் கழிச்சு ஒரு தடவை, கவனமா இருந்தா ரெண்டு தடவை, மேல் பரப்பைத் தேய்ச்சுட்டுப் புதுசா பாலிஷ் போடலாம். எங்களுக்குச் சொன்ன விலையில 0.6க்கும் 3க்கும் சதுர அடிக்கு 160 ரூபாய் வித்தியாசம். தரையோட ஆயுளுக்குக் கொடுக்கிற காசு அது.

அடுத்து எந்த மரம். ஜங்கான்னு ஒரு அளவு இருக்கு. அரை அங்குலத்துக்குக் கொஞ்சம் கம்மியான எஃகு உருண்டையைப் பாதி வரைக்கும் மரத்துல அழுத்த எத்தனை பவுண்டு விசை வேணும்ங்கறதுதான் கணக்கு. வெள்ளை ஓக் 1360, தேக்கு சுமாரா 1070, அமெரிக்க வால்நட் 1010. தேக்கோட பெருமை கரையானையும் ஈரத்தையும் தாங்கறதுல. பள்ளம் விழாம இருக்கிறதுல ஓக்தான் முந்துது. ஊன்றுகோல் வச்சு நடக்கிற அம்மாவுக்கும், சக்கர நாற்காலியில ரூம் முழுக்க ரேஸ் விடற எங்க பொண்ணுக்கும் ஓக்தான் சரி. (ஊன்றுகோலுக்கு ரப்பர் குமிழும் மாத்தினோம். பத்து ரூபாய்ச் சமாச்சாரம்.)

கலர்ல தங்கமணிக்குக் கருங்காப்பி நிறம் பிடிச்சது. நல்லாத்தான் இருந்தது. ஆனா கருப்புத் தரையில ராஜஸ்தான்ல இருந்து வர்ற மண்ணு ஒவ்வொரு துகளும் தெரியும். காலையில பெருக்கினா மத்தியானம் கோலமாவு தூவின மாதிரி இருக்கும்னு அவங்களே சொல்லிட்டு, வெளிர் கோதுமை நிறத்துல, பளபளப்பில்லாத மேட் ஃபினிஷுக்கு மாறிட்டாங்க.

இன்னொண்ணு, பசை. அடுக்குகளை ஒட்டற பசையில இருந்து ஃபார்மால்டிஹைடு வாயு கொஞ்சம் கொஞ்சமா வெளிய வரும். 2004லயே உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி முகமை அதைப் புற்றுநோய் உண்டாக்கற பொருள்னு வகைப்படுத்திடுச்சு. டெல்லிக் குளிர்காலத்துல வெளிப்புகைக்குப் பயந்து ஜன்னலை எல்லாம் சாத்திட்டு உட்கார்ந்திருப்போம். உள்ளே வர்ற வாயுவும் உள்ளேயே சுத்தும். அதனால குறைஞ்சது "ஈ1" தரம்னு சோதனைச் சான்றிதழ் கேளுங்க. பெட்டி மேல ஸ்டிக்கர் மட்டும் போதாது, தாளா வாங்குங்க. மூணு கடையில கேட்டோம். ஒரு கடையில மட்டும் எடுத்து வச்சாங்க. அங்கேதான் வாங்கினோம்.

வாளி

எல்லாம் சரி, இப்போதான் நிஜமான பிரச்சினை. மரத்தரைக்குத் தண்ணி ஆகாது. இஞ்சினியர்டா இருந்தாலும் ஆகாது. ஈரத்துணியை நல்லாப் பிழிஞ்சு, வாரத்துக்கு ஒரு தடவை துடைக்கலாம். அவ்வளவுதான்.

எங்க அம்மாவோட நாள் வாளியோடதான் ஆரம்பிக்குது. வேலைக்கு வர்ற தீதி வீடு முழுக்கத் துடைச்சிட்டுப் போனாலும், பூஜை அலமாரிக்கு முன்னாடி இருக்கிற இடத்தைத் தன் கையால தண்ணி தெளிச்சு, துடைச்சு, அரிசி மாவுல நாலு இழைக் கோலம் போட்டாத்தான் அவங்களுக்குக் காபியே இறங்கும். "தண்ணி படாத தரை என்னப்பா தரை?"ம்பாங்க.

நான் வீடு முழுக்க மரம்னு கணக்குப் போட்டுக்கிட்டிருந்தேன். சேதாரத்துக்குப் பத்து சதவீதம் சேர்த்தா 1265 சதுர அடி, பலகைக்கு மட்டுமே அஞ்சே கால் லட்சத்துக்கு மேல. லோன் வாங்கலாமான்னு யோசிச்சப்போ தங்கமணி கேட்டாங்க: "ஏங்க, பணத்தை விடுங்க. அத்தை கையில இருந்து வாளியை வாங்கிடுவோமா? இந்த ஊர்ல அவங்க தன் இஷ்டத்துக்குச் செய்யற வேலை அது ஒண்ணுதான். அதையும் வாங்கிட்டா அவங்க இங்க விருந்தாளிதான்."

அதுக்கு மேல பேச எதுவும் இல்லை. ஹால், பூஜை, சமையலறை மூணும் மார்பிளாவே இருக்கட்டும். அம்மாவோட ரூம், பொண்ணோட ரூம் ரெண்டுக்கும் மட்டும் மரம். ஹாலுக்கு வரும்போது குளிருமேன்னு கேட்டோம். "அஞ்சு நிமிஷம் நின்னு கோலம் போடறதுக்கு ஒண்ணும் ஆயிடாது. ராத்திரி எந்திரிச்சு காலைக் கீழ வைக்கும்போதுதான் உசிரு போகுது"ன்னாங்க அம்மா. எட்டு மாசமா நான் எக்செல்ல போட்டுக்கிட்டிருந்த கணக்குக்கு அந்த ஒரு வரியில விடை வந்திடுச்சு.

போடறதுக்கு முன்னாடி

பலகை வாங்கறதுக்கு முன்னாடி தரையைச் சோதிக்கணும். ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி பாலிதீன் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, ஒரு ராத்திரி முழுக்க, குறைஞ்சது 16 மணி நேரம் விடணும். பிரிச்சுப் பார்த்தா அடியில நீர்முத்து இருக்கக் கூடாது. அஞ்சாவது மாடிதானேன்னு இருந்துடாம நாலு இடத்துல ஒட்டினோம். மூணு இடம் சுத்தம். அம்மா ரூம்ல பாத்ரூம் சுவரை ஒட்டின இடத்துல மட்டும் தாளுக்கு அடியில பனி மாதிரி கோர்த்திருந்தது. பாத்ரூம் கசிவு! அதை உடைச்சு, வாட்டர்ப்ரூஃபிங் செஞ்சு, மறுபடி டைல்ஸ் ஒட்டி, காயவிட்டு, திரும்பத் தாள் ஒட்டிச் சோதிக்க ஒன்றரை மாசம் ஆச்சு. மரத்தை அதுக்கு மேல போட்டிருந்தா கசிவு வெளிய தெரியாமலே பலகையைத் தின்னிருக்கும். கரையானுக்கும் விருந்து வச்ச மாதிரி ஆகியிருக்கும்.

தரை சமமா இருக்கான்னும் பார்க்கணும். ரெண்டு மீட்டர் நீள அலுமினிய மட்டக்கட்டையை வச்சா அடியில மூணு மி.மீ.க்கு மேல சந்து தெரியக் கூடாது. பள்ளம் இருந்தா நடக்கும்போது தொம் தொம்னு சத்தம் வரும், மூட்டும் விட்டுப் போகும்.

2024 அக்டோபர்ல போட்டோம். ஈரமும் இல்லாம ரொம்பக் காஞ்சும் போகாம இருக்கிற மாசம். பெட்டிகளை மூணு நாள் முன்னாடியே அந்தந்த ரூம்ல படுக்க வச்சோம், வீட்டுக் காத்துக்குப் பழகட்டும்னு. மிஸ்திரி வந்து, மார்பிள் மேல ரெண்டு மி.மீ. ஃபோம் விரிச்சு, பலகைகளை ஒண்ணுக்குள்ள ஒண்ணு 'க்ளிக்'னு மாட்டிக்கிட்டே போனார். ஆணி இல்லை, பசை இல்லை. நாலு சுவர்லயும் 10 மி.மீ. இடம் விட்டார். விடலைன்னா ஆகஸ்ட்ல பலகை விரிஞ்சு சுவரை முட்டி, நடுவுல கூடாரம் மாதிரி எழும்பிடும். அந்தச் சந்தை மறைக்கத்தான் ஸ்கர்ட்டிங் பட்டை.

யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒண்ணு: உயரம். பலகை 14, ஃபோம் 2, ஆக 16 மி.மீ. தரை ஏறிடும். கதவு அடிப்பக்கத்தை இழைக்கணும், அதுக்குத் தனிக் கூலி. அதைவிட முக்கியம், ஹாலுக்கும் ரூமுக்கும் நடுவுல ஒரு சின்னப் படி உருவாகும். காலைத் தூக்கி வைக்கச் சிரமப்படறவங்களுக்கு அந்த 16 மி.மீ. போதும், தடுக்கி விழ. சரிவா இறங்கற பட்டை கேட்டு வாங்கிப் போடச் சொன்னோம். பாத்ரூம் வாசல்ல கிரானைட் தடுப்பும், அதுக்கு வெளிய தண்ணி உறிஞ்சற மிதியடியும். ஈரக்காலோட வர்றதை எந்தப் பெரியவங்ககிட்டயும் மாத்த முடியாது. தரையைத்தான் அதுக்கு ஏத்த மாதிரி தயார் பண்ணணும்.

செலவு

ரெண்டு ரூமும் சேர்த்து 242 சதுர அடி. சேதாரம் சேர்த்து 12 பெட்டி, அதாவது 280 சதுர அடி. சதுர அடி 420 ரூபாய் வீதம் 1,17,600. கூலி, ஃபோம், ஸ்கர்ட்டிங், சரிவுப் பட்டை, கதவு இழைப்பு எல்லாம் சேர்த்து இன்னொரு 31,000. பாத்ரூம் உடைச்சது தனிக்கதை, அதை இங்கே எழுதினா எனக்கே பி.பி. ஏறும்.

கடைக்குப் போறவங்க கையில வச்சுக்க ஒரு துண்டுச்சீட்டு:

1. பக்கவாட்டைக் காட்டச் சொல்லுங்க. அடுக்கா, அட்டையா, பிளாஸ்டிக்கா?
2. மேல் மரம் எத்தனை மி.மீ.? பில்லுல எழுதித் தரச் சொல்லுங்க.
3. ஈ1 சான்றிதழ் தாளா இருக்கா?
4. சுவரோரம் எவ்வளவு இடம் விடுவீங்கன்னு மிஸ்திரிகிட்ட கேளுங்க. தேவையில்லைன்னா வேற ஆளைப் பாருங்க.
5. அந்தத் தரையில யார் நடப்பாங்க, யார் துடைப்பாங்க? இது கடைக்காரருக்கான கேள்வி இல்லை, வீட்டுல உட்கார்ந்து பேச வேண்டியது. இதை முதல்ல பேசிட்டா பாதிக் கடை ஏற வேண்டியிருக்காது.
6. வேலை முடிஞ்சதும் ஒரு பெட்டியைப் பிரிக்காம வச்சுக்கோங்க. நாளைக்கு ஒரு பலகை கெட்டுப் போனா அதே நிறம், அதே பூட்டு மறுபடி கிடைக்கும்னு உத்தரவாதம் இல்லை.

2025 ஜனவரி எப்படிப் போச்சுன்னு கேக்கறீங்களா? அம்மா வெறுங்காலோட நடந்தாங்க. சாயங்காலம் பொண்ணு கீழ உட்கார்ந்து ஹோம்வொர்க் செய்ய, அப்பாயி பக்கத்துல ஸ்டூல்ல உட்கார்ந்து அவரைக்காய் நார் உரிச்சுக்கிட்டிருந்தாங்க. காலு தரையில இருந்தது. ஊருக்குப் போற பேச்சு நின்னு போகலை. "சித்திரைக்குப் போய் வீட்டைத் திறந்து காத்தாட வச்சிட்டு வந்துடறேன்"னு மாறியிருக்கு. "வந்துடறேன்"ங்கற அந்த வார்த்தை எங்களுக்குப் போதும்.

ஒரே ஒரு வழக்கு மட்டும் பாக்கி. கட்டிலுக்கு அடியில அந்தப் பிரிக்காத பெட்டி இருக்கே, அதுல ரெண்டு பலகையை எடுத்துப் பூஜைக்கு ஒரு மணை அடிச்சுத் தரச் சொல்றாங்க அம்மா. அது அவசரத்துக்கு வச்சிருக்கிற ஸ்பேர்னு நான் சொல்றேன். "நல்ல மரத்தை யாராவது கட்டிலுக்கு அடியில போட்டு வைப்பாங்களா?"ன்னு தங்கமணியும் அந்தப் பக்கம் சேர்ந்தாச்சு. மணை அடிக்கிற ஆசாரிக்கு குர்கான்ல எங்கே போறதுன்னு இப்போ விசாரிச்சுக்கிட்டிருக்கேன். தெரிஞ்சவங்க சொல்லுங்கப்பா!